திரும்பி வந்தது எத்தனை?

“திரும்பி வந்தது எத்தனைங்க?”

சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வியே இதுதான். எதிரே உட்கார்ந்திருந்த ஆலோசகர் பெண் தன் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த அவன் மனைவி தாரணியைப் பார்த்தாள். கோயம்புத்தூரில் பதினான்கு மாடி எழுப்பி நிற்கும் ‘பொற்கூடு’ தத்து நிறுவனத்துக்கு வருகிறவர்கள் குழந்தைக்கு என்ன வயது, என்ன நிறம், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இப்படி ஆரம்பித்தவர் எவரும் இல்லை போலிருக்கிறது.

“புரியலைங்க சார்.”

“ஈரோட்டுல எனக்கு மஞ்சள் மண்டிங்க. ஒரு வியாபாரி எப்படிப்பட்டவன்னு தெரியணும்னா அவன் வித்த சரக்க நான் விசாரிக்கறதில்ல. திரும்பி வந்த சரக்க என்ன பண்றான்னுதான் விசாரிப்பேன்.”

“கொழந்தையப் போயி சரக்குங்கறீங்களே,” என்று தாரணி மேசைக்கு அடியில் அவன் தொடையைக் கிள்ளினாள்.

“திரும்பி வர்றதுக்கு வாய்ப்பே கம்மி சார். அதுக்குத்தான் முன்காட்சி இருக்கு,” என்று ஆலோசகர் உற்சாகமானாள். “நீங்களும் மேடமும் முப்பது நாள் கையில ஒரு பட்டை கட்டிக்குவீங்க. நாடித் துடிப்பு, குரல், பேச்சு, தூக்கம் எல்லாம் அதுல பதியும். குழந்தையோட பதிவு எங்ககிட்ட இருக்கு. ரெண்டையும் சேர்த்து, நீங்க மூணு பேரும் வாழப்போற அடுத்த இருபது வருஷத்தை மிஷின் படமா காட்டிடும். பள்ளிக்கூடம், காய்ச்சல், சண்டை, கல்யாணம், எல்லாம் இருபதே நிமிஷத்துல. பொருத்தம் எத்தனை மார்க்குன்னும் சொல்லிடும்.”

“எங்க ஜோசியர் பத்துப் பொருத்தத்தோட நிறுத்திக்குவாரு. நீங்க அவர முந்திட்டீங்க.”

“தொண்ணூத்தேழு சதவீதம் சரியா இருக்கும் சார்.”

“மீதி மூணு?”

“ஆறு மாசத்துக்குள்ள ஒத்துவரலைன்னா வேற குழந்தை மாத்திக் கொடுத்துடுவோம். அதுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.”

“மாத்துன கொழந்த எங்க போகும்?”

“மறுபதிவுக்குப் போகும் சார். அது வேற பிரிவு. அந்தத் தகவல் எங்களுக்கு வராது.”

தாரணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பதினோரு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவள். குழந்தை என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு அசைய மனம் வராதவள். அவள்தான் முதலில் எழுந்தாள்.

கார் தானாக அவிநாசி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூர் தாண்டியதும் தாரணி ஆரம்பித்தாள்.

“மாத்திக் குடுப்பாங்களாம். மிக்ஸியாட்ட.”

“கட்டடம் ரொம்ப நல்லா இருந்துது,” என்றான் சென்னியப்பன். “அந்தப் பொண்ணும் மரியாதையாத்தான் பேசுச்சு.”

தாரணிக்கு அப்போதுதான் மூச்சு இறங்கியது. அவளுக்குத் தெரியும்: இந்த மனிதன் எதையாவது புகழ்ந்தால் அதை வாங்கப்போவதில்லை. நான்கு தலைமுறை மண்டிப் பழக்கம் அது. பிடித்த சரக்கின் முன்னால் முகத்தைச் சுளிக்க வேண்டும். வேண்டாத சரக்கை வாயாரப் பாராட்டிவிட்டு நகர வேண்டும். பிடித்திருக்கிறது என்று கண்ணில் காட்டிவிட்டால் அந்தக் கணத்திலேயே விலை ஏறிவிடும். தாரணியைப் பெண் பார்க்க வந்தபோதும் அவன் தரகரிடம் சொன்னது, “உசரம் கம்மி, மூக்கும் கொஞ்சம் சப்பை” என்றுதான். சொல்லிவிட்டு அதே வாரத்தில் மூன்று தடவை ஏதேதோ சாக்கு வைத்துக்கொண்டு அவர்கள் தெருவில் வந்து நின்றான்.

*

ஈரோட்டிலேயே, கருங்கல்பாளையத்தில், ஒரு மெத்தைக் கடையின் மாடியில் ‘சகாய இல்லம்’ இருந்தது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, அதன்மேல் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பொருத்த இயந்திரம். அதன்மீது ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். இல்லத்தை நடத்தும் சகாயமேரி, பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். எல்லாருக்கும் மேரியம்மா. இவர்கள் போனபோது அவர் ஒரு பள்ளிக்கூடப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் அதே கேள்வியைக் கேட்டான்.

“மூணு,” என்றார் மேரியம்மா, ஜிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “பதினெட்டு வருஷத்துல நூத்திப் பன்னெண்டு புள்ளைங்க போயிருக்குது. மூணு திரும்பி வந்துச்சு. ரோஸ்லின், முபாரக், ஆதிரை. ரோஸ்லின் நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கறா. முபாரக் பவானியில லேத் பட்டறை வெச்சிருக்கான், ஞாயித்துக்கெழமையானா சோத்துக்கு வந்துருவான். ஆதிரைக்கு எட்டு வயசு. இது அவ பைதான்.”

“இப்ப எங்கீங்க இருக்கறாங்க?”

“வேற எங்க? என் வீட்டுல. கீழ, மெத்தக் கடைக்குப் பின்னால.”

சென்னியப்பன் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“எடம் ரொம்ப சின்னதா இருக்குதுங்க. படி வேற செங்குத்தா இருக்குது. ஃபேன் சத்தம் தாங்கல.”

தாரணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏஜென்சி முடிவாகிவிட்டது.

“ஆதிரை ஏனுங்க திரும்பி வந்தா?” என்று அவள் கேட்டாள்.

மேரியம்மா பையைக் கீழே வைத்தார். “அடிக்கல, பட்டினி போடல. நல்ல ஜனங்கதான். தொண்ணூத்தொண்ணு மார்க் வாங்குன ஜனங்க. ஆனா முன்காட்சியக் கையோட வெச்சுக்கிட்டு தெனமும் போட்டுப் பாப்பாங்க. காட்சியில வர்ற ஆதிரை ஆறு வயசுல பாட்டு கத்துக்கறா, இவ கத்துக்கல. அவ தோசை தின்னுவா, இவ தொடமாட்டா. அவ கோவிச்சுக்கறதே இல்ல, இவளுக்கு மூக்கு மேல கோவம். ‘அவ இப்படிப் பண்ண மாட்டாளே’ன்னு இவ காதுபடவே பேசிக்குவாங்க. பதினோரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வந்து, ‘இது எங்களுக்குக் காட்டுன கொழந்தை இல்லைங்க’ன்னு சொன்னாங்க.”

“பாவிக,” என்றாள் தாரணி.

“அப்படியும் சொல்லிட முடியாது. அந்தா அந்த நாற்காலியில உக்காந்து ரெண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதாங்க. பொறக்காத ஒரு பொண்ணு செத்துப்போனாப்பல.”

“அப்பறம் எதுக்குங்க நீங்களும் இந்த மிஷின வெச்சிருக்கறீங்க?” என்றான் சென்னியப்பன்.

“சட்டம். புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் தனித்தனியா அறுபது மார்க் வாங்கணும். ஒருத்தர் கொறஞ்சாலும் நான் கையெழுத்துப் போட முடியாது.”

அப்போது படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஒல்லியான ஒரு சிறுமி வாசலில் வந்து நின்றாள். பைக்காக வந்தவள், வந்திருந்த இருவரையும் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். மார்க்கெட்டில் பழம் பொறுக்குகிறவர்களின் பார்வை அது.

“ஜிப்பு ஆச்சா மேரிம்மா?”

“ஆச்சு. வணக்கம் சொல்லு.”

“வணக்கம்,” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“முன்பல்லு கோணலா இருக்குது,” என்றான் சென்னியப்பன், காலியான வாசலைப் பார்த்தபடியே.

தாரணிக்குச் சட்டென்று கண் கலங்கியது. அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

*

ஆதிரையைக் கேட்டு, முப்பது நாள் பட்டை கட்டினார்கள். முடிவு வந்தது. தாரணிக்கு எண்பத்திரண்டு. சென்னியப்பனுக்கு நாற்பத்தொன்று.

“முப்பது நாள்ல நீங்க ஒரு தடவைகூட எதையும் நல்லா இருக்குன்னு சொல்லலையாம்,” என்று மேரியம்மா தாளைப் படித்தார். “ஒரு தடவை சொல்லியிருக்கீங்க. பக்கத்து வீட்டுக்காரர் காரை.”

“அது டப்பா வண்டிங்க.”

“சாப்பாட்டப் பத்தி நாப்பத்தேழு தடவை குறை சொல்லிருக்கீங்க.”

“மூணு தடவை வாங்கிப் போட்டுத் திங்கறாரே, அத மிஷின் எழுதலியா?” என்றாள் தாரணி.

“மிஷினுக்குத் திங்கறது தெரியாது. சொல்றதும் நாடியுந்தான் தெரியும். நாடியும் இவருக்கு ஏறவே மாட்டேங்குது.”

நாடி எப்படி ஏறும்? விலை பேசும்போது கழுத்து நரம்பு துடித்தால் எதிராளி கண்டுபிடித்துவிடுவான் என்று அதையும் அடக்கப் பழகியவன் அவன். இருபது வருடம் சோறு போட்ட திறமை, இன்று அவன் வீட்டுக்கு ஒரு குழந்தை வரவிடாமல் வாசலை மறித்து நின்றது.

மறுதேர்வு ஒரே ஒரு தடவைதான். குழந்தையை எதிரில் வைத்துக்கொண்டு, பட்டை கட்டிக்கொண்டு பேச வேண்டும். அதிலும் அறுபது வராவிட்டால் ஐந்து வருடத்துக்கு எந்த ஏஜென்சியிலும் பெயர் பதிய முடியாது. ஐந்து வருடத்தில் ஆதிரைக்குப் பதின்மூன்று ஆகிவிடும். அதற்குள் வேறு யாராவது தொண்ணூறு மார்க்கோடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள், காட்சியையும் கையில் பிடித்துக்கொண்டு.

சட்டப்படி முன்காட்சியின் பிரதி ஒன்றை இவர்களிடமும் கொடுத்தாக வேண்டும். மேரியம்மா வேண்டாவெறுப்பாகக் கொடுத்தார்.

“நான் பாக்க மாட்டேன். நீங்களும் பாக்கக் கூடாது,” என்றாள் தாரணி.

“செரி,” என்றான்.

உடைத்து உள்நிறம் பார்க்காமல் ஒரு விரலி மஞ்சள்கூட வாங்கியதில்லை அவன். ஞாயிற்றுக்கிழமை மதியம், மண்டியில் யாரும் இல்லாத நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போட்டுப் பார்த்தான். தன் வீட்டுக் கூடம். தன் நாற்காலி. அதில் தானே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். எதிரே ஆதிரை, பல் வரிசையாகி, தலை படிய வாரி, பரிசுக் கோப்பையோடு நின்றாள். அவன் ஏதோ சொல்ல, “செரிங்கப்பா” என்றாள். இன்னொரு வருடம், இன்னொரு “செரிங்கப்பா.” ஏழாவது நிமிடத்தில் அணைத்துவிட்டான். நெஞ்சில் எதுவோ உறுத்தியது. என்னவென்று அப்போது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தாரணி வைத்த குழம்பில் உப்பு கம்மி என்றான்.

*

மறுதேர்வு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. மேரியம்மா இயந்திரத்தின் மீதிருந்த துண்டை எடுத்துவிட்டு, அவன் கையில் பட்டையைக் கட்டினார். ஆதிரை செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அஞ்சு நிமிஷந்தான். எனக்கு வேலை இருக்குது,” என்றாள்.

தாரணி வீட்டில் பத்து நாளாக ஒப்பிக்க வைத்திருந்ததைச் சென்னியப்பன் ஆரம்பித்தான். “உன்னப் பாத்தா ரொம்ப சந்தோஷமா இருக்குது கண்ணு. நீ ரொம்ப அழகா இருக்கற. நல்ல புத்திசாலின்னு—”

மேரியம்மா திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்தொன்று முப்பத்தாறாகியிருந்தது.

“எதுக்குப் பொய் சொல்றீங்க?” என்றாள் ஆதிரை.

சந்தையில் அவனை இப்படி நேராகக் கேட்டவர் கிடையாது.

“உங்க மேல மஞ்ச வாசம் அடிக்குது,” என்று அவள் தொடர்ந்தாள். “காது பெருசா இருக்குது. இந்தக்கா பரவால்ல. வீட்டுல மாடி இருக்குதா?”

“இருக்குது.”

“மாடி ஏறுனா கால் வலிக்கும். நாய்?”

“நாய் இல்ல.”

“நாயில்லாத வீடா! வாசல்ல மரமாச்சும் இருக்குதா?”

“ஒரு வேம்பு இருக்குது.”

“வேப்பமரத்துல ஊஞ்சல் கட்டுனா எறும்பு கடிக்கும்.”

தாரணியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. சென்னியப்பனின் முகமோ மெல்ல நிமிர்ந்தது. மண்டியில் வேண்டாதவன் என்ன செய்வான்? “பாக்கலாமுங்க” என்று சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவான். சாக்குத் தையல் சரியில்லை, ஈரம் இருக்கிறது, விரலி சின்னதாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டு, ஆனால் இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறவன்தான் வாங்க வந்தவன். ஐந்து நிமிடம் என்று வந்தவளுக்கு இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஒரு கால் செருப்பு எப்போதோ கழன்று நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

எட்டு வயதில் இந்த வித்தையை இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசித்தவனுக்கு உடனே பதிலும் தெரிந்தது. ஆசைப்பட்டதை முகத்தில் காட்டி ஒருமுறை பெரிய நஷ்டம் பட்டவள்.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

“நாய் வெச்சா நீதான் குளிப்பாட்டோணும்.”

அவள் கண் சுருங்கியது. “வாரத்துக்கு ஒருக்கா.”

“ரெண்டு.”

“ஒருக்கா. மழை பேஞ்சா அதுவும் இல்ல.”

“செரி. பாட்டு கிளாஸ்?”

“கெடையவே கெடையாது.”

“தோசை?”

“மாட்டேன். இட்லின்னா தக்காளிச் சட்னி வேணும்.”

“எனக்கும் தோசை ஆகாது. பள்ளிக்கூடம் எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருக்குது.”

“இதே பள்ளிக்கூடந்தான். மாத்தக் கூடாது. ஞாயித்துக்கெழமை இங்க வரணும்.”

“மாசத்துக்கு ஒரு ஞாயிறு.”

“எல்லா ஞாயிறும். முபாரக் அண்ணன் வருவான்.”

“அப்ப எங்களுக்கும் இங்க சோறு உண்டா?”

ஆதிரை மேரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டுச் சொல்றேன்,” என்றாள் கெத்தாக.

சென்னியப்பன் சத்தமாகச் சிரித்துவிட்டான். அவன் அப்படிச் சிரித்துத் தாரணியே பார்த்து வெகுநாள் ஆயிற்று. நேரம் முடிந்து இயந்திரம் ஒரு மணி அடித்தது.

மேரியம்மா திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவன் கையிலிருந்த பட்டையை அவிழ்த்தார்.

“அம்பத்தாறு.”

“நாலு மார்க்குத்தானுங்களே,” என்றாள் தாரணி.

“நாலு மார்க்குக்கு நான் பேரம் பேச முடியாது தாரணி. இங்க மணி அடிச்சதுமே மேலிடத்து ஆபீசுல மார்க்கு தானா பூட்டிக்கும்.”

அவர் இயந்திரத்தை அணைத்துத் துண்டைப் போட்டு மூடினார். தாரணி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். சென்னியப்பன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான், மறுபடி ஏற்றிக்கொண்டான். 

ஆதிரை கழன்ற செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள். பையை எடுத்துத் தோளில் போட்டாள். ஆனால் போகவில்லை.

“ஒம்பதாம் பிரிவு,” என்றாள்.

மேரியம்மா சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

“எட்டு வயசு ஆயிருச்சுன்னா புள்ளையே மனு போடலாம். மார்க்கு தேவையில்ல. ரோஸ்லின் அக்கா சட்டப் புத்தகத்துல படிச்சுச் சொல்லிருக்கா. நெசந்தானே மேரிம்மா?”

“நெசந்தான்,” என்றார் மேரியம்மா. “அதை நானா வாயத் தொறந்து சொல்லக் கூடாது. புள்ளையாக் கேட்டாத்தான் உண்டு. இத்தன வருஷத்துல எந்தப் புள்ளையும் கேட்டதில்ல.”

“போடறேன்னு இன்னும் சொல்லல,” என்றாள் ஆதிரை அவசரமாக. பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். “ஒண்ணு கேக்கணும். என்னோட காட்சியப் பாத்தீங்களா?”

“இல்ல கண்ணு,” என்று தாரணி கண்ணைத் துடைத்தாள். “நாங்க ரெண்டு பேருமே பாக்கல. சத்தியமா.”

கையில் பட்டை இல்லை, இயந்திரம் துண்டுக்கு அடியில் தூங்குகிறது. மனைவியே சத்தியம் செய்துவிட்டாள். தலையை மட்டும் ஆட்டினால் போதும், வியாபாரம் முடிந்தது.

“நான் பாத்தேன்,” என்றான் சென்னியப்பன்.

தாரணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆதிரையின் முகம் கடைக் கதவு மாதிரி இறுகச் சாத்திக்கொண்டது.

“எப்படி இருந்தா அவ?”

“நல்லா இருந்தா. படிப்புல முதல் பரிசு வாங்கறா. பல்லு வரிசையா இருக்குது. எதச் சொன்னாலும் ‘செரிங்கப்பா’ங்கறா. ஒரு குறை சொல்ல முடியாது.”

தாரணியின் தோள் இளகியது, புகழ்கிறான் என்றால் வேண்டாம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்தக் குழந்தைக்கு இந்த மண்டிப் பாஷை எப்படிப் புரியும்? ஆதிரை வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். 

சென்னியப்பன் எழுந்துவிட்டான். பரம்பரையே சேர்ந்து அவன் வாயைப் பொத்தியது போலிருந்தது.

“அம்மிணி, நில்லு. எனக்கு அவ வேண்டாம். ஏழு நிமிஷத்துக்கு மேல என்னால உக்காந்து பாக்க முடியல. என்னடா உறுத்துதுன்னு அன்னிக்குத் தெரியல, இப்பத்தான் தெரியுது. அந்தப் புள்ள எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. நாய் கேக்கல, சட்னி கேக்கல. நான் மொதல்ல சொன்ன வெலைக்கே எல்லாத்துக்கும் தலையாட்டுது. அப்படி ஒரு புள்ளைய வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” மூச்சு வாங்கினான். “எனக்கு உன்னப் புடிச்சிருக்குது. நீதான் வேணும்.”

கழுத்து நரம்பு துடித்தது. அதை அடக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. பதிந்துகொள்ள இயந்திரமும் இல்லை. தாரணி மட்டும், இவர் யார் என்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதிரை நின்று, அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி வந்து பையை நாற்காலியின் முதுகில் மாட்டினாள். ஏறி, இந்தத் தடவை நுனியில் இல்லாமல், சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அப்படின்னா இன்னும் ரெண்டு இருக்குது,” என்றாள்.

வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவனிடம் விலை ஏறத்தான் செய்யும். அவள் இடத்தில் அவன் இருந்தாலும் ஏற்றியிருப்பான். சென்னியப்பனுக்குத் தோற்றுப்போனதில் இவ்வளவு பெருமை உண்டு என்பது புதிதாக இருந்தது.

“சொல்லு அம்மிணி.”

“எனக்குக் கோவம் வந்தா அவ பேச்ச எடுக்கக் கூடாது.”

“எடுக்க மாட்டோம்.”

“அந்தக்காவும் சொல்லணும்.”

“எடுக்க மாட்டேன்,” என்றாள் தாரணி.

மேரியம்மா மனுத் தாளைத் தேடி எடுத்து, மேசையில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். “ரெண்டாவது என்ன? எழுதணும்.”

ஆதிரை பேனாவைப் பார்த்தாள். தாரணியைப் பார்த்தாள். சென்னியப்பனின் காதுகளை மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

“அத வீட்டுக்குப் போயி சொல்றேன்.”